முதலில் ஒட்டகம், அப்புறம் கதவு

வெள்ளைக்காரன் விதிப்படி சதுரங்கம் ஆடினால், வெள்ளைக்காய் வைத்திருப்பவன் தன்னுடைய முதல் ஏழு நகர்த்தல்களையும் ஒரே மூச்சில் வைத்து முடித்துவிடலாம், அதுவரை கறுப்புக்காய்க்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ரயிலிலும் டிராமிலும் குளிக்கிற இடத்திலும் மனப்பாடம் பண்ணி நம்பினேன். அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கோட்டைப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். நெற்றி மேல்நோக்கிப் பயணப்பட ஆரம்பித்திருந்தது. இப்படிப்பட்ட ஆசாமி ஒன்றை நம்பினால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று ஊரார் நினைத்துவிடுகிறார்கள். வயது ஏறுவதில் இருக்கிற பெரிய ஆபத்தே இதுதான். யாரும் நம்மைத் திருத்துவதில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நம்பினதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்டத்தில் அப்படித்தான் வழக்கம். பலகையின் பாதியைத் தாண்டாமல் ஒருவர் தம் காய்களை இஷ்டப்படி முன்னேற்றி நிறுத்திக்கொள்வார். பிறகு மற்றவர் நிறுத்திக்கொள்வார். இரண்டு பேரும் அவரவர் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து முடித்த பிறகுதான் சண்டை. சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம்தான். ராஜா, ஷா, அதாவது செக், வாங்காத வரைக்கும், ஆயுளில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி எகிறிக் குதிக்கலாம். மூலையில் நிற்பது யானை, பக்கத்தில் குதிரை, அதற்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் ஒட்டகம், நடுவில் ராஜாவும் மந்திரியும். வெள்ளைக்காரன் அந்த மந்திரியை ராணியாக்கி வைத்திருக்கிறான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் வீட்டு நிர்வாகமும் அப்படித்தான்.

வீடு என்று சொல்லிவிட்டேன் பாருங்கள், அப்போது எனக்கு வீடே கிடையாது. சங்கடமே அதுதான்.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பம்பாயில் பலபேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருந்தால் புத்திசாலி. மாதுங்காவில் எனக்கிருந்த இரண்டு ரூம் வீட்டையும் காலி செய்து, "எடுத்துக்கோ, பாபா" என்று வீட்டுக்காரர் கையில் சாவியைக் கொடுத்தேன். குண்டு விழப்போகிற கட்டடத்துக்கு எவனாவது வாடகை கொடுப்பானா என்று என் கணக்கு. அந்தக் கட்டடம் இன்றைக்கும் ஜம்மென்று நிற்கிறது. போன வருஷம் சுண்ணாம்பு கூட அடித்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், போகாதவர்களும் வந்து சேர்ந்தார்கள். பம்பாயில் வீடு என்பது கண்ணால் காணாத பொருளாகிவிட்டது. நான் ஒன்றுவிட்ட தம்பியின் பால்கனியில் படுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, ரேஷன் அரிசிச் சோற்றில் கல் பொறுக்கி, காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மனைவியும் குழந்தைகளும் ஊரில் அவளுடைய அண்ணா வீட்டில். முதல் வருஷம் அவள் கடிதங்களில் "அண்ணாவும் மன்னியும் சௌக்கியம்" என்று எழுதினாள். அடுத்த வருஷம் "அண்ணா சௌக்கியம்." அதற்கடுத்த வருஷம் இரண்டு பேரும் கடிதத்தைவிட்டே போய்விட்டார்கள், "இங்கே எல்லாம் வழக்கம் போல்" என்று மட்டும் நின்றது. கடைசியாக வந்ததில் சௌக்கிய விசாரிப்பே இல்லை.

"ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள் வீடு பாருங்கள். பார்க்காவிட்டால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்து தாதர் பிளாட்பாரத்தில் குடித்தனம் வைக்கிறேன். குழாய் இருக்கிறது, கூரை இருக்கிறது, நீங்களும் ஆபீஸ் போகும் வழியில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்."

இவள் விளையாட்டுக்கு எழுதுகிறவள் இல்லை. குடும்பத்தில் விளையாட்டு இலாகா என்னுடையது.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் மாடிக்காரர் விஷயம் காதில் விழுந்தது. மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார். பாலக்காட்டுக்காரர், சர்க்கார் உத்தியோகம், டெல்லிக்கு மாற்றல். பம்பாயில் மாற்றலாகிப் போகிறவர் வீட்டை விடமாட்டார். விட்டால் திரும்பக் கிடைக்காது என்பதற்கு நானே நடமாடும் சாட்சி. வீடு அவர் பேரிலேயே இருக்கும், வாடகை ரசீதும் அவர் பேரில். நடுவில் ஒருவரை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் போவார். கேட்டால் "சொந்தக்காரர்" என்பார். அவர் திரும்பி வருகிறேன் என்று எழுதினால், சொந்தக்காரர் மறுபேச்சில்லாமல் பெட்டி கட்ட வேண்டும். சில சொந்தக்காரர்கள் கட்டுவதில்லை. உள்ளே வந்த மறுநாளே ஆணி அடித்துச் சாமி படம் மாட்டி, பூட்டை மாற்றி, "யார் நீர்?" என்று வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். மாதுங்காவில் இந்தக் கதை கட்டடத்துக்கு ஒன்று உண்டு.

ஆகவே மூன்றாம் மாடிக்காரர், நம்பகமான ஆளைக் கண்டுபிடிக்கத் தமக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வீடு கேட்டு வருகிறவருடன் ஒரு ஆட்டம் சதுரங்கம் ஆடுவார்.

இதை எனக்குச் சொன்னது மெஸ்ஸில் எனக்குப் பக்கத்து இலைக்காரர். தஞ்சாவூர்ப் பக்கம், இன்ஷுரன்ஸ் ஆபீஸ், ஒண்டிக்கட்டை. ஊர் வம்பு எல்லாம் அவர் இலைக்கு வந்து கைகழுவிவிட்டுத்தான் வெளியே போகும்.

"ஆடற தினுசுல ஆள் தெரிஞ்சுடும்ங்கிறாராம்" என்றார். "அவசரக்காரனுக்கு வீடு கிடையாதாம். அடுத்தவன் காயைப் பிடுங்கறதிலேயே கண்ணா இருக்கிறவனுக்கும் கிடையாதாம். அமைதியா, கட்டுக்கோப்பா ஆடணுமாம். நீர் எப்படி ஆடுவீர்?"

"எனக்கென்ன ஓய், ரெண்டு குதிரையையும் அவிழ்த்து விட்டேன்னா..."

"போச்சு."

"என்ன போச்சு?"

"வீடு போச்சு. உம்ம ஆட்டத்தைப் பார்த்தா உமக்கு மாட்டுக் கொட்டாய்கூட எவனும் விடமாட்டான். மோர் வாங்கிக்கும், அதாவது மிஞ்சட்டும்."

அவர் சொன்னது வாஸ்தவம். தம்பி இருந்த கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்து நான் ஆடுகிற ஆட்டத்துக்கு ஒரு பெயர் உண்டென்றால் அது கலவரம். அதுவும் இல்லாமல் மூன்றாம் மாடிக்காரர் ஆடுவது வெள்ளைக்காரன் விதிப்படி. சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகும் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இலையில் இருந்த சோறு இறங்கவில்லை. அது என்ன அநியாயம்? சாதாரணச் சிப்பாய்க்கு அவ்வளவு அவசரம் எதற்கு?

மறுநாள் ஆபீசில் என் எதிர் மேஜைப் பார்ஸி நண்பரிடம் போய் நின்றேன். அவர் ஜிம்கானாவில் சதுரங்கம் ஆடுகிறவர். எனக்கு வேண்டியது இது என்று விளக்கினேன்: வெள்ளைக்காயில் ஒரு தொடக்கம். சத்தம் கூடாது, சண்டை கூடாது, பார்த்தால் பேங்கில் பணம் போட்டு வைத்திருக்கிற ஆள் மாதிரி இருக்க வேண்டும்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்து, ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் ஏழு நகர்த்தல்களைப் படம் போட்டுக் காட்டினார். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம். ராணி பக்கத்து ஒட்டகம் சாய்வாக வெளியே. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் ஒரே கட்டம். ராஜா பக்கத்துக் குதிரை. இன்னொரு ஒட்டகம். ஓரமாக ஒரு சிப்பாய் ஒரு கட்டம் முட்டுக் கொடுக்க. கடைசியில் ராஜாவும் யானையும் இடம் மாறி, ராஜா மூலையில் பத்திரமாகப் போய் உட்கார்ந்துகொள்வது.

"ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்" என்றார் இங்கிலீஷில். "முதலில் ஒட்டகம் வெளியே போகணும். அப்புறம்தான் அந்த ராஜா சிப்பாயைத் தள்ளணும். அவன்தான் கதவு. கதவை முதலில் சாத்திவிட்டால் ஒட்டகம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஆட்டம் முடிகிறவரை கிடந்து முனகும்."

"கறுப்புக்காரன் என்ன செய்வான்?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் பேரில் அந்த அளவு நியாயம் இருக்கிறது.

"அரே பாவா!" என்று கையை வீசினார். "அவன் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். நீ இந்த ஏழையும் ஆடு. ஆங்க் பந்த் கர்கே கேலோ!"

கண்ணை மூடிக்கொண்டு ஆடு என்றார். ஆடினேன். தவறு அங்கேதான் நுழைந்தது. அவன் என்ன செய்தாலும் கவலையில்லை என்றால் அவனுக்கு அப்போது வேலையே இல்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் ஊர் வழக்கமும் அதுதானே? வெள்ளைக்காரனும் நம்மைப் போலத்தான், முதலில் வாசல் பெருக்கிக் கோலம் போடுகிறான் என்று எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

பயிற்சியை ஆரம்பித்தேன். பால்கனியில் தம்பி வீட்டுச் சட்டைப் பொத்தான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, வெள்ளை மட்டும். கறுப்புக்குப் பொத்தான் போதவில்லை, தேவையும் இல்லை. ஏழு நகர்த்தல்களையும் வேகமாக வைத்துப் பார்ப்பேன். கலைப்பேன். மறுபடி வைப்பேன். நாளாக ஆக எனக்கு அதில் கை வந்தது, புத்தி போயிற்று. தாதரில் ஏறினால் ஒட்டகம், பைகுல்லாவில் குதிரை, மஸ்ஜித் பந்தரில் ராஜா மூலைக்குப் போயாக வேண்டும். ஒரு நாள் சிஞ்ச்போக்லியில் வண்டி நின்றுவிட்டது, சிக்னல் கோளாறு. எனக்கு அடுத்த நகர்த்தல் என்ன என்று மறந்துபோய், பக்கத்தில் நின்ற மராத்திக்காரரிடம் "கதவு சாத்தியாச்சா?" என்று இந்தியில் கேட்டுவிட்டேன். அவர் ரயில் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

வரிசை மட்டும் நிலைக்கவில்லை. ஒட்டகம் முதலா, கதவு முதலா? பகலில் ஒட்டகம் முதல் என்று உறுதியாக இருக்கும். சாயங்காலம் கதவு முதல் என்று தோன்றும். மெஸ்ஸில் ரசத்துக்காகக் காத்திருக்கும்போது "ஒட்டகம்... கதவு... ஒட்டகம்..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஓய், மந்திர உபதேசம் ஏதாவது ஆச்சா?" என்றார் பக்கத்து இலைக்காரர்.

"ஒட்டகத்தை வெளியே விட்டுட்டுத்தான் கதவைச் சாத்தணும்."

"ரொம்ப சரி. வீட்டுக்குள்ளே ஒட்டகம் கூடாது. முதல்ல வீடு வரட்டும்."

"தப்பிப்போயிடுமோன்னு பயமா இருக்கு ஓய்."

"உமக்கு எதுக்கு பயம்? தோத்தாலும் ஜெயிச்சாலும் பால்கனி உம்முது. உம்ம ஆத்துக்காரிக்குத்தான் பிளாட்பாரம்."

இப்படி ஆறுதல் சொல்கிறவர்களை பக்கத்து இலையில் உட்கார வைப்பது மெஸ் நிர்வாகத்தின் குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வரச்சொல்லியிருந்தார் மூன்றாம் மாடிக்காரர். மடித்து வைத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, பொறுப்புள்ள மனிதனுக்கு அடையாளமாக ஒரு குடை. மே மாதம். வெயில். குடை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. படியேறும்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஏழையும் சொல்லிக்கொண்டேன். முதல் மாடியில் ஏழு வந்தன. இரண்டாம் மாடியில் ஆறு வந்தன. மூன்றாம் மாடியில் என் பெயர் வந்தது, அதுவும் கொஞ்சம் யோசித்த பிறகு.

கதவைத் திறந்தவர் மெலிந்த, சுத்தமான மனிதர். வீடும் அவரைப் போலவே இருந்தது. இரண்டு ரூம், சமையலறை, தனிக் குழாய். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மனைவி பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். ஹாலில் ஏற்கனவே ஒருத்தர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பருமனான, சிரித்த முகம்.

"இவர் செம்பூர்லேந்து வரார். இவரும் வீட்டு விஷயமாத்தான்" என்றார் மூன்றாம் மாடிக்காரர். "இப்போதான் ஒரு ஆட்டம் முடிஞ்சுது. ரொம்ப நிதானமாக்கும் இவருக்கு. ஒரு காய் தொடறதுக்குள்ளே எனக்கு ரெண்டு தடவை கொட்டாவி வந்துடுத்து."

செம்பூர்க்காரர் அடக்கமாகச் சிரித்தார். போட்டிக்கு ஆள் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதுவும் கொட்டாவி வரவழைக்கிற அளவுக்கு நிதானமான ஆள்.

"நீங்க வெள்ளை எடுத்துக்கோங்கோ" என்றார்.

எடுத்துக்கொண்டேன். மூச்சை இழுத்தேன். பிறகு, பார்ஸி நண்பர் சொன்னபடி, ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பித்தேன். சிப்பாய் இரண்டு கட்டம். ஒட்டகம் வெளியே. கதவு சாத்து. குதிரை. இரண்டாவது ஒட்டகம். முட்டுச் சிப்பாய். ராஜா மூலைக்கு, யானை இந்தப்பக்கம். டக் டக் டக் டக் என்று ஏழும் விழுந்தன. ஒரு பிழை இல்லை. வரிசை தப்பவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை, கல்யாணத்தில் மந்திரம் சொன்னது உட்பட.

நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் மாடிக்காரர் கை தமது சிப்பாய் மேல் பாதி வழியில் நின்றிருந்தது. மரியாதை தெரிந்த மனிதர். நான் முடிக்கிறவரை நகராமல் இருந்திருக்கிறார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது ஸார். இனிமே நீங்க."

"நான் எத்தனை வைக்கலாம்?"

"நீங்களும் ஏழு வைக்கலாம் ஸார்" என்றேன் பெருந்தன்மையாக.

செம்பூர்க்காரருக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமி, தும்மி, மேல்துண்டால் முகத்தைத் துடைத்து, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லி, மறுபடி இரும ஆரம்பித்தார்.

மூன்றாம் மாடிக்காரர் சிரிக்கவில்லை. "ஊர் ஆட்டமாக்கும்" என்று தலையாட்டினார். "எங்க பக்கத்திலேயும் உண்டு. இதில் அப்படி இல்லை. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. அதாக்கும் முறை. மறுபடி ஆரம்பிக்கலாம்."

நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் காதில் அது, நடுக்கடலில் "கப்பலுக்கு அடிப்பலகை கிடையாது" என்று சொன்ன மாதிரி விழுந்தது. அப்படியென்றால் நான் ஒட்டகத்தை எடுக்கப்போகும்போது இவர் ஏதாவது செய்வாரா? நான் கதவு சாத்தும்போதும் செய்வாரா? ஒவ்வொன்றுக்கும் நடுவில் இவர் புகுந்து ஏதாவது செய்துகொண்டே இருந்தால் எனக்கு வரிசை எப்படி ஞாபகம் இருக்கும்? ரயிலில் இவர் இல்லையே! பால்கனியில் இவர் இல்லையே!

வியர்வை கண்ணில் இறங்கியது. குடையை விரிக்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்து போயிற்று.

முதல் காயை எடுத்தேன். ராணிச் சிப்பாய். இரண்டு கட்டம் போக வேண்டியது. ஆனால் என் கை, முப்பது வருஷமாக ஒரு கட்டம் போய்ப் பழகின கை, ஒரு கட்டத்தில் வைத்துவிட்டது. எடுக்கப் பார்த்தேன். "வைத்தது வைத்ததாக்கும்" என்றார் அவர்.

அவர் தம் ராஜாச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அங்கே நின்றுகொண்டு அந்தச் சிப்பாய், என் ஒட்டகம் வரவேண்டிய கட்டத்தைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒட்டகம் அங்கே போனால் வெட்டுவான் என்று ஒரு பாதி மூளை கத்தியது. இன்னொரு பாதி, "அவன் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், கண்ணை மூடிக்கொண்டு ஆடு" என்று பார்ஸிக் குரலில் சொன்னது. இரண்டு மூளையும் கொண்டவன் கடைசியில் எதைக் கேட்பான்? மனப்பாடத்தைக் கேட்பான். ஒட்டகத்தை வெளியே விட்டேன்.

சிப்பாய் வெட்டினான்.

செம்பூர்க்காரர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்து என்ன? கதவு. சாத்தினேன். வெளியே ஒட்டகமும் இல்லை, உள்ளேயும் ஒட்டகம் இல்லை, ஆனாலும் கதவைச் சாத்தினேன். அந்தச் சிப்பாய் கதவையும் வெட்டினான். நான் பக்கத்துச் சிப்பாயால் அவனை வெட்டினேன். ஒரு கணம் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தக் கணத்தில் அவருடைய ராணி சாய்வாகக் கிளம்பி, பலகையின் ஓரத்துக்கு வந்து, நான் இப்போது வெட்டியதால் திறந்துபோன வழியே என் ராஜாவைப் பார்த்து நின்றாள்.

"ஷா" என்றார் மெதுவாக.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ராஜாவைத் தூக்கி, குதிரை மாதிரி ஒரு எகிறு எகிறி, என் குதிரை வரவேண்டிய கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

குழாயில் மட்டும் தண்ணீர் சொட்டியது.

"ராஜா எங்கே போறார்?" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

"ஒரு தடவை குதிக்கலாமே ஸார்... ஊர்ல..."

"ஊர்லேயும் ஷா வாங்கினப்புறம் குதிக்கமாட்டாரே."

அதுவும் உண்மை. வெள்ளைக்காரன் விதியிலும் தோற்றேன், எங்கள் ஊர் விதியிலும் தோற்றேன். ஒரே நகர்த்தலில் இரண்டு தேசத்துச் சட்டத்தையும் மீறின ஆள் பம்பாயில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதன்பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. என் காய்கள் ஒவ்வொன்றாகப் பலகைக்கு வெளியே போய், காபித் தம்ளருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று என்னையே பார்த்தன. கடைசியில் ராஜாவை நானே படுக்க வைத்தேன். அவருக்கும் களைப்பாக இருந்திருக்கும்.

மூன்றாம் மாடிக்காரர் வாசல் வரை வந்தார். "நீங்க நல்ல மனுஷராக்கும். அதில் எனக்கு சந்தேகமே இல்லை" என்றார். அந்தத் தொனியில் சொல்லப்பட்ட நல்ல வார்த்தைக்குப் பின்னால் சாவி வருவதில்லை. எனக்குப் புரிந்தது. வீடு செம்பூர்க்காரருக்கு.

படியிறங்கினேன். மேலே ஏறும்போது ஏழு நகர்த்தல்கள் நினைவில் இல்லாமல் போயின அல்லவா, இறங்கும்போது ஏழும் வரிசையாக, தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் ஒட்டகம், அப்புறம் கதவு. இதில் என்ன குழப்பம்? மனைவிக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். "வீடு பார்த்தேன், தனிக் குழாய் இருக்கிறது, ஆனால் ஒட்டகம்..." இந்த இடத்திலேயே கடிதம் நின்றுவிட்டது. தாதர் பிளாட்பாரத்தில் எந்தத் தூணுக்குப் பக்கம் காற்று வரும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். நிஜமாக. பயம் வந்தால் என் மூளை அப்படித்தான், விவரங்களில் இறங்கிவிடும்.

"ஓய்! குடை! குடையை விட்டுட்டுப் போறீரே!"

செம்பூர்க்காரர் என் குடையுடன் மூச்சிரைக்க இறங்கி வந்துகொண்டிருந்தார். இன்னும் கண்ணில் தண்ணீர் வற்றவில்லை.

"சிரிச்சதுக்குக் கோவிச்சுக்காதேயும்" என்றார். "ஆயுசுல அப்படிச் சிரிச்சதில்லே."

"பரவாயில்லே. வீடு உமக்குத்தானே? க்ஷேமமா இரும்."

"எனக்குத்தான். அதுல ஒரு சங்கடம் இருக்கு." குடையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "நான் இப்போ இருக்கிற செம்பூர் வீட்டை விடமுடியாது. இவர் டெல்லியிலேந்து திரும்பினா நான் எங்கே போவேன்? அதை என் பேர்லேயே வெச்சுண்டு, யாரையாவது உள்ளே உக்கார வெக்கணும். நாலு பேர் கேட்டாச்சு. எல்லாரும் கெட்டிக்காரா. கெட்டிக்காரனைப் பார்த்தாலே எனக்கு பயமா இருக்கு. உள்ளே விட்டா பூட்டை மாத்திடுவான்."

என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

"உம்மை இப்போ ஒரு மணி நேரமா பார்த்துண்டு இருந்தேன். எதிராளின்னு ஒருத்தன் இருக்கான்கிறதே உமக்கு ஞாபகம் வரலே. கண்ணெதிரே வெட்டறான்னு தெரிஞ்சும் ஒட்டகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கறீர். உம்மால ஒருத்தன் வீட்டை அபகரிக்க முடியாது ஓய். நீரே ஆசைப்பட்டாலும் முடியாது. வரீரா?"

இதைவிடக் கேவலமாக என்னை யாரும் பேசினதில்லை. இதைவிட சந்தோஷமாக எதையும் நான் கேட்டதும் இல்லை. கோபித்துக்கொள்வதா, காலில் விழுவதா என்று தெரியாமல், "எத்தனை ரூம்?" என்றேன்.

"ஒண்ணரை. பின்னாடி வயல். கொசு உண்டு. ராத்திரி நரி ஊளையிடும். குர்லாவிலே வண்டி மாறணும்."

"குழாய்?"

"கிணறு."

"வரேன்" என்றேன்.

மெஸ்ஸில் இதைச் சொன்னபோது பக்கத்து இலைக்காரர் கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். அவர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அது ஒரு தடவைதான். பிறகு, "டெல்லியிலே ஒருத்தர் பெட்டி கட்டினா செம்பூர்லே நீர் பெட்டி கட்டணும்னு சொல்லும்" என்றார். "ஆமாம்" என்றேன். "அப்போ நீரும் ஒரு காய்தான்" என்று சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குக் குரல் கொடுத்தார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. பார்ஸி நண்பரிடம் ஆட்டம் எப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. வீடு கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். அவர், "பார்த்தாயா, ரொம்ப பலமான தொடக்கம் அது" என்று என் முதுகில் தட்டினார்.

அந்த வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன் என் மனைவியும் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். குர்லாவில் வண்டி மாறி, சாயங்காலம் செம்பூரில் இறங்கினார்கள். அவள் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் இருக்கிறது என்றாள். வாடகை ரசீது இன்னும் செம்பூர்க்காரர் பேரில்தான் வருகிறது.